பதினொரு வரிகள்

மூட்டையை அவிழ்க்கிறேன்.
ஒற்றைக் கட்டளைக்கு நாலாயிரம் கோப்புகள்
திரையில் சரசரவென இறங்குகின்றன.
கையொப்பம் பார்த்தாயிற்று.
எழுதியவர்கள் எழுதியபடியே வந்திருக்கிறது,
வழியில் எவரும் கை வைக்கவில்லை.

பிப்ரவரி. இரவு ஒன்றே முக்கால்.
சாரேமாவைச் சுற்றிக் கடல் உறைந்து கிடக்கிறது.
தீவின் மருத்துவமனை நாலரை வரை நேரம் தந்திருக்கிறது:
வலைக்குள் வர நினைக்கும் ஒவ்வொன்றையும்
நீ யார் என்று கேட்கும் மென்பொருளை
அதற்குள் மாற்றிவிட வேண்டும்.
பழையதில் ஓட்டை. ஊருக்கே தெரிந்துவிட்ட ஓட்டை.

முதலில் அது என்னைக் கேட்கிறது.
தொகுப்பி இருக்கிறதா? இருக்கிறது.
வேலை செய்கிறதா? செய்கிறது.
குறியாக்க நூலகம்? இருக்கிறது.
அதன் தலைப்புக் கோப்புகள்?
இல்லை.
கடன் கொடுப்பவனைப் போல அந்த ஒன்றில் நின்றுவிடுகிறது.
தேடி நிறுவி, மறுபடி முதலிலிருந்து
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

பிறகு தொகுப்பு.
விசிறி எகிறுகிறது. எச்சரிக்கைகள் மஞ்சளாய் ஓடுகின்றன;
எச்சரிக்கை பிழையல்ல, போகட்டும்.
காப்பி எந்திரம் இரண்டாம் மாடியில். போய் வந்தேன்.
முடிந்திருந்தது.

பழையதை அழிக்கவில்லை.
பெயரின் பின்னால் தேதி ஒட்டி
ஓரமாய் நகர்த்தி வைத்தேன்.
என் வேலையில் பயத்துக்கு இன்னொரு பெயர் அதுதான்.
அதன் அமைப்புகளைப் புதியதற்கு ஊட்டினேன்.
இரண்டு சொற்களுக்குப் பெயர் மாறியிருந்தது.
மூடாத அடைப்புக்குறி ஒன்று, அது என் தப்பு.

உரக்கப் பேசும் நிலையில் எழுப்புகிறேன்,
நினைப்பதையெல்லாம் திரையில் கொட்டும்படி.
தயார், என்கிறது.
உடனே தட்டத் தொடங்குகின்றன:
செவிலியர் மேசைக் கணினிகள், எக்ஸ்ரே அறை,
மகப்பேறு வார்டின் அச்சுப்பொறி,
காவலாளி ரைமோவின் கைபேசி
(அவர் தூங்கவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது).
அனுமதி. அனுமதி. அனுமதி.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஒன்று மட்டும் வெளியே.
முப்பது விநாடிக்கொரு முறை தட்டுகிறது.
ஒவ்வொரு முறையும் பொட்டலம் கோணல்,
நீளத்தில் ஒரு பைட் பிசகு.
பிரிக்காமலே வீசிவிடுகிறது என் புதுக் காவல்.

பழைய மூலநிரலைத் திறந்து
அசலைப் பக்கத்தில் வைத்து வேறுபாடு பார்க்கிறேன்.
பதினொரு வரிகள்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த வால்தூர் செருகியவை.
மேலே ஒரு குறிப்பு, மூன்றே சொல்:
தொடாதே. காரணம் உண்டு.

காரணத்தைத் தேடி
டார்ச்சோடு கீழ்த்தளத்துக்குப் போனேன்.
ரத்த வங்கி. மூலையில் குளிர்பெட்டி.
அதன் நெற்றியில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெப்பமானி,
எண்ணத் தெரியாமல் ஒன்று கூட்டிச் சொல்லும் பழைய சரக்கு.
செய்த கம்பெனி மூடியே போயிருக்கும்.
உள்ளே பைகள், தோளோடு தோள். ஓ நெகட்டிவ் ஆறு.
சின்னத் திரையில் 4.1 என்று காட்டிக்கொண்டிருந்தது.
அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இப்போது யாருமில்லை.

விதிப்படி இது வெளியில் நிற்க வேண்டியது.
கோணல் பேச்சுக்குக் கதவு திறப்பவன் காவல்காரனே இல்லை.
இதை நானே மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்,
படம் வரைந்து.
மணி மூன்று ஐம்பது. குளிர் விரலில் ஏறிக்கொண்டிருந்தது.

மேலே வந்து பதினொன்றை ஏழாகச் சுருக்கினேன்:
இந்த ஒரு முகவரிக்கு, இந்த ஒரு பைட்டுக்கு மட்டும் மன்னிப்பு.
குறிப்பு பதினாறு வரி நீண்டது.
எந்தப் பெட்டி, எந்த அறை, என்ன பிசகு,
புது வெப்பமானி வரும் அன்று இதை நீக்கவும். மாரிகா.

மறுபடி தொகுப்பு. மறுபடி நிறுவல்.
நாலு இருபத்தொன்றுக்குத் தட்டியது.
அனுமதி.

வால்தூர் இப்போது மூஹுத் தீவில் படகு பழுதுபார்க்கிறான்.
அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
உன் பதினொரு வரிகளுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன்.

எட்டு மணிக்குப் பதில் வந்தது.
வெளியே இன்னும் இருட்டு.
எந்தப் பதினொரு வரிகள்?